ரொட்டிப் பாட்டின் இரண்டாம் குரல்

2006ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவுக்குப் பக்கத்தில் ஒரு சர்ச் ஹாலில் ஹீட்டர் நின்றுபோயிற்று. ஞாயிறு மாலை நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை அந்த ஹாலைத் தமிழ் சபைக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கான கொயர் பயிற்சிக்கு டென்னிஸ் வழக்கம்போல அரை மணி நேரம் முன்பே வந்துவிட்டார். கோட்டைக் கழற்றாமல், கையுறையோடு நோட்டைப் பிடித்துக்கொண்டு, மெட்டுக்குக் கீழே துணையாகப் போகும் தன்னுடைய டெனர் வரியை மட்டும் தனியாகப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே பாய்லர் அறையில் ஓர் ஆள் வேலை செய்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. இரண்டாவது அடி பாடும்போது படிக்கட்டுப் பக்கமிருந்து இன்னொரு குரல் வந்தது. அது பாட்டின் மெட்டைப் பாடியது. டென்னிஸின் வரிக்கு மேலே, தனக்கென்று விட்டுவைத்த இடத்தில் உட்காருவதுபோல வந்து உட்கார்ந்தது. டென்னிஸ் நிறுத்தவில்லை. நாலு அடியும் முடிந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். கையில் ஸ்பேனரோடு, முழங்கால் வரை கரி படிந்த ஒரு வெள்ளைக்காரர் நின்றிருந்தார். டென்னிஸைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கும்.

“சட்டம் மட்டும் மாட்டியிருக்கியே, படம் எங்கப்பா?” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

அவர் பெயர் மாலக்கி டியர்னி. அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சிற்றூரிலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்தவர். பாய்லரும் ஹீட்டரும் பழுது பார்ப்பது தொழில். வெள்ளிக்கிழமைகளில் ஒரு பப்பில் கிட்டார் வைத்துக்கொண்டு தன் ஊர்ப் பாட்டுகளைப் பாடுவார். மனைவி இறந்து மூன்று வருடமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. டென்னிஸின் மனைவி கிருபாராணி அவருடைய பெயரைக் கேட்டதும், நம்ம வேதாகமத்தில் இருக்கிற மல்கியாதானே என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் மல்கியா அண்ணன். அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவரும் பழகிக்கொண்டார்.

டென்னிஸுக்கு ஊர் நாசரேத். திருநெல்வேலிக்குத் தென்கிழக்கே இருக்கிற நாசரேத். அங்கே பதினான்கு வயதில் கொயரில் சேர்ந்தார். அந்தப் பக்கத்துக் கொயர்களில் பாட்டை சோல்ஃபாவில்தான் எழுதுவார்கள். டோ, ரே, மீ என்பவற்றின் முதல் எழுத்துகளைப் புள்ளியும் கோடும் இட்டு வரிசையாக எழுதும் முறை அது. அச்சுப் புத்தகம் கொயருக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதிலிருந்து அவரவர் தன் வரியைத் தன் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மெட்டைப் பாடும் சோப்ரானோக்காரர் சோப்ரானோ, டெனர்காரர் டெனர். பக்கத்து வரியை எழுதுகிறவனைக் கண்டால் கொயர் மாஸ்டருக்குப் பிடிக்காது. உன் வரியை நீ பார், பக்கத்து வரியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பார். பாடும்போது கண் மெட்டுக்குப் போனால் குரலும் அங்கே போய்விடும் என்பது காரணம். டென்னிஸ் இதை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டவர். கிட்டாரும் அப்படித்தான், ஆள் வைத்துக் கற்கவில்லை. ஒவ்வொரு விரலையும் எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டார். 2002இல் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து, ஒரு மருந்துக் கம்பெனியில் சோதனை முடிவுகளைச் சரிபார்க்கும் புரோகிராமராக வேலை செய்தார். அந்த வேலைக்கும் அதே குணம்தான் தேவைப்பட்டது.

ஜனவரியில் மாலக்கி அவரைப் பப்புக்கு அழைத்துப் போனார். டென்னிஸ் குடிப்பதில்லை. ஆரஞ்சு ஜூஸை வைத்துக்கொண்டு மாலக்கியின் வலது பக்கம் உட்கார்ந்து, இரண்டாம் குரலும் இரண்டாம் கிட்டாருமாக ஆறு பாட்டுகள் வாசித்தார். அடுத்த வெள்ளி எட்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் நாற்பது பாட்டுகள் ஆயின.

மாலக்கிக்குப் பாட்டை எழுதிவைக்கும் வழக்கமே கிடையாது. எல்லாம் காதில் விழுந்து வந்தவை. ஒரு பாட்டை ஒரே மாதிரி இரண்டு தடவை பாடமாட்டார். ஓரிடத்தில் நீட்டுவார், இன்னோரிடத்தில் சுழற்றி இறங்குவார், இன்றைக்கு இருந்த வளைவு நாளைக்கு இருக்காது. டென்னிஸ் அதற்குக் கீழே தன் வரியை அமைத்து, சோல்ஃபாவில் எழுதி, எழுதியபடியே பாடுவார். ஐரிஷ் மொழியில் இருந்த பாட்டுகளுக்கு வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். மாலக்கி அந்த நோட்டை வைத்துக் கேலி செய்யாத வாரம் இல்லை. ஆனால் ஒருமுறை டென்னிஸ், நானும் கொஞ்சம் மாற்றிப் பாடிப் பார்க்கட்டுமா என்று கேட்டபோது கேலி இல்லாமல் சொன்னார்:

“வேணாம். நீ நேரா நில்லு. நீ நின்னாத்தான் நான் ஆட முடியும்.”

டென்னிஸ் நின்றார். பதினேழு வருடம்.

முதல் ஏழு வருடம் போஸ்டரில் அவர் பெயர் இல்லை. அவர் இருந்த விசாவில் ஆபீஸ் வேலையைத் தவிர வேறெதற்கும் சம்பளம் வாங்கக் கூடாது. மாலக்கி சும்மா ஒரு பேர்தானே என்றார். டென்னிஸ் கேட்கவில்லை, கிரீன் கார்டு வரும்வரை ஒரு தடயமும் வேண்டாம் என்றார். அதனால் போஸ்டரில் ‘மாலக்கி டியர்னியும் ஒரு நண்பரும்’ என்று போட்டார்கள். 2011இல் பதினொரு பாட்டுகளோடு வெளிவந்த ஒரே சிடியின் அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது. கிரீன் கார்டு 2014இல் வந்தது. அந்த வருடம்தான் இருவருக்கும் சேர்த்து ஒரு பெயர் வைத்தார்கள்: ‘டூ சேர்ஸ்’. பப்புகளில் கிடைக்கும் உயரமான ஸ்டூலில் கிட்டார் மடியில் நிற்காது. கைப்பிடி இல்லாத இரண்டு மர நாற்காலிகளை மாலக்கி ஒரு சர்ச் விற்பனையில் வாங்கியிருந்தார். போகிற இடமெல்லாம் டென்னிஸின் வேனில் அவை கூடப் போகும். பெயர் அதிலிருந்து வந்தது.

மேடையில் அறிமுகம் எப்போதும் மாலக்கிதான். “இவரு நாசரேத் ஊர்க்காரர். தச்சு வேலை தெரியாது, கம்ப்யூட்டர் மட்டும்தான்” என்பார். ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பார். ஆயிரம் தடவையும் டென்னிஸ் தலையைக் குனிந்துகொண்டு சிரித்திருக்கிறார்.

பெரிய பெயர் ஒன்றும் வரவில்லை. நியூ ஜெர்சியில் ஏழெட்டுப் பப்புகள், பென்சில்வேனியாவில் இரண்டு திருவிழாக்கள், மார்ச் பதினேழாம் தேதி செயின்ட் பேட்ரிக் நாளை ஒட்டிய வாரத்தில் தொண்டை கட்டும் அளவுக்கு நிகழ்ச்சிகள். மகள் ஃபெபி சின்னவளாக இருந்தபோது கூடவே போவாள். பின்னால் ஒரு பெஞ்சில் கோட்டைப் போர்த்திக்கொண்டு, கடைசிப் பாட்டு தொடங்கியதும் தூங்கிவிடுவாள்.

அந்தக் கடைசிப் பாட்டு எப்போதும் ஒன்றுதான். மாலக்கியின் அம்மா பாடிய பாட்டு. ஒரு பெண் படகுக்காரனிடம், அடுப்பில் ரொட்டி வேகிறது, வெந்து முடியும்வரை பொறு, என் மகனுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று கேட்கிறாள். ஆறு வரிகள் கொண்ட ஒவ்வொரு அடியிலும் ரொட்டி கொஞ்சம் கொஞ்சமாக வேகிறது. டென்னிஸும் கிருபாராணியும் அதை ரொட்டிப் பாட்டு என்றே சொல்வார்கள்.

2016இல் டென்னிஸின் பழைய ஆபீஸ் நண்பர் திருமூர்த்தி, டெக்சாஸில் ரவுண்ட் ராக்கில் வீடு கட்டிக் குடிபோனபோது இருவரையும் அழைத்திருந்தார். அறுபது பேர் வந்திருந்தார்கள். பிரியாணிக்கு முன்னால் மாலக்கி மூன்று பாட்டுகள் பாடினார். முதலாவதில் மீனவன் மூழ்கிப் போனான். இரண்டாவதில் ஒருவனைத் தூக்கிலிட்டார்கள். மூன்றாவதில் மணப்பெண் காய்ச்சலில் போய்விட்டாள். ஒவ்வொன்றுக்கும் டென்னிஸ் தமிழில் பொருள் சொன்னார். முன்வரிசையில் இருந்த திருமூர்த்தியின் மனைவி சாரதாவுக்குப் பொறுக்கவில்லை.

“டென்னிஸ், எல்லா பாட்டுலயும் யாராவது செத்துப் போயிடறாங்களே. புது வீடுப்பா. யாரும் சாகாத பாட்டு ஒண்ணுகூட stock இல்லையா உங்க friend கிட்ட?”

டென்னிஸ் அதை மொழிபெயர்த்தார். மாலக்கி தொடையில் தட்டிச் சிரித்தார். யாரும் சாகாத பாட்டு தன்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லி, ரொட்டிப் பாட்டைப் பாடினார். பாடி முடித்தபோது சாரதா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரொட்டி வெந்ததா இல்லையா என்று கேட்டார். வெந்தது, ஆனால் படகு போய்விட்டது என்று டென்னிஸ் சொன்னார்.

அன்று அந்தப் பாட்டுத் தொடங்கியவுடன் யாரோ படமெடுக்கப் போனைத் தூக்கியிருந்தார்கள். மாலக்கி பாடிக்கொண்டே கையால் அதைத் தாழ்த்தச் சொன்னார். அவருடைய அம்மாவிடமிருந்து யாரோ ஒருவர் ஒரு பாட்டைப் பதிவு செய்து வாங்கிப் போய், அது பிறகு ரேடியோவில் வேறொருத்தி பெயரில் வந்ததாம். ரொட்டிப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தபோது அம்மா, எந்த வீட்டில் வேண்டுமானாலும் பாடு, மெஷினுக்கு மட்டும் பாடாதே என்றாளாம். அவர் அம்மாவுக்கு ஒரே பிள்ளை, அந்தப் பாட்டு தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. அம்மா சொன்னதால் அது சிடியில் இல்லை. டென்னிஸின் நான்காவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும் இருந்தது. அங்கேயும் இரண்டாம் குரல்தான் இருந்தது.

கொரோனா வந்து பப்புகள் மூடியபோது, டென்னிஸின் கராஜ் கதவைத் தூக்கிவிட்டு, நாற்காலிகளைப் பத்தடி தள்ளிப் போட்டுக்கொண்டு பாடினார்கள். அந்த இரண்டு வருடத்தில்தான் மிக நன்றாகப் பாடினோம் என்று டென்னிஸ் பிறகு சொல்வதுண்டு.

2023 அக்டோபரில், ஒரு வீட்டின் அடித்தளத்தில் பாய்லரைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தபோது மாலக்கிக்கு ஸ்ட்ரோக் வந்தது. வீட்டுக்காரர் காபி கொண்டுபோய்க் கொடுக்க இறங்கியபோதுதான் பார்த்தார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: “ரைட்.” பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான். மறுவாழ்வு மையத்தில் படிவம் நிரப்ப டென்னிஸைக் கூப்பிட்டார்கள். வேறு யாரும் இல்லை. நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்ற கட்டத்தில் அவர் ‘கொயர்’ என்று எழுதினார்.

அங்கே இருந்த ஸ்பீச் தெரபிஸ்ட் பெண், பேச்சு இருக்கும் இடம் அடிபட்டாலும் பாட்டு இருக்கும் இடம் தப்பியிருக்கலாம், அவருக்கு ஆழமாகப் பழகிய பாட்டு ஏதாவது இருந்தால் அதைப் பாடிப் பாருங்கள், அதைப் பிடித்துக்கொண்டு சொற்கள் வரலாம் என்றாள். டென்னிஸ் முதலில் சிடியைப் போட்டார். மாலக்கி தன் குரலையே கேட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு வாரம் அப்படியே போயிற்று. மூன்றாவது சனிக்கிழமை டென்னிஸ் நான்காவது நோட்டை எடுத்துப் போனார்.

வலது பக்கம் உட்கார்ந்தால் மாலக்கிக்குத் தெரியவில்லை, அந்தப் பக்கத்துக் கவனமே அவருக்கு இல்லை. டென்னிஸ் முதல்முறையாக இடது பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கடைசிப் பக்கத்தைத் திறந்து, தன் வரியைப் பாடினார். மாலக்கி திரும்பினார். கண் டென்னிஸின் வாயிலேயே நின்றது. இடது கை விரல்கள் போர்வை மேல் தாளம் போட்டன.

டென்னிஸுக்கு அந்த ஹாலும் படிக்கட்டும் நினைவுக்கு வந்தன. கீழ்வரியைச் சரியாக, நேராகப் பாடினால் போதும், மேலே வரவேண்டியது தானே வரும் என்று நம்பினார். ஒவ்வொரு சனியும் ஒரு மணி நேரம் பாடினார். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் காத்திருந்தார்.

நவம்பர் கடைசியில் மாலக்கியின் வாய் திறந்தது. பாட்டின் முதல் சொல் வந்தது. படகுக்காரனைக் கூப்பிடுகிற அந்தச் சொல். தெரபிஸ்ட் பெண் ஓடிவந்து டென்னிஸின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் ஓர் அடி முழுதாக வந்தது. சுருதி துளியும் விலகவில்லை. டென்னிஸ் நோட்டில் விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்தார். வந்த சொல்லின் மேல் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். கிறிஸ்துமஸுக்குள் இரண்டு அடிகளில் புள்ளி விழுந்திருந்தது. அதோடு பாட்டுக்கு வெளியேயும் சொற்கள் வரத் தொடங்கின. ஒருநாள் தண்ணீர் கேட்டார். இன்னொரு நாள் கிருபாராணியைப் பார்த்து, தெளிவாக, மல்கியா என்று தன்னைத் தொட்டுக் காட்டினார்.

அந்த வாரம் டென்னிஸ் ஒரு காரியம் செய்தார். போனை மேசையில் சாய்த்து வைத்து, மாலக்கி பாடுவதைப் பதிவு செய்தார். அம்மாவின் கட்டளை அவருக்குத் தெரியும். டாக்டருக்குக் காட்டத்தானே என்று மாலக்கியிடம் சொன்னார். மாலக்கி “ரைட்” என்றார். அதை சரி என்று எடுத்துக்கொண்டார் டென்னிஸ். அன்று மாலையே சான்டா கிளாராவில் வேலை பார்க்கும் ஃபெபிக்கு அந்த வீடியோவை அனுப்பினார்.

ஃபெபி உடனே கூப்பிட்டாள். அழுதிருந்தாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை.

“அப்பா, ஹி சவுண்ட்ஸ் சோ குட். பட் தட்ஸ் யூ. ஹி இஸ் சிங்கிங் யுவர் பார்ட்.”

டென்னிஸ், இப்போதைக்கு என் வரியைப் பிடித்துக்கொண்டு வருகிறார், போகப் போக மேலே ஏறிவிடுவார் என்றார்.

ஃபெபி வீடியோவை இன்னொரு முறை ஓடவிட்டாள். பிறகு, “ஸோ வேர் இஸ் தி சாங், அப்பா?” என்று கேட்டாள்.

டென்னிஸ் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீடியோவைக் கேட்டார். இரண்டு அடியும் எழுத்துக்கு எழுத்து அவர் எழுதியதுதான். ஒரு வளைவு இல்லை, ஒரு நீட்டல் இல்லை. ஒரு பாட்டை இரண்டு தடவை ஒரே மாதிரி பாடாத மனிதர், நோட்டில் இருப்பதைப் பாடிக்கொண்டிருந்தார். ஐந்து வாரமாகப் பக்கத்தில் இருந்தும் டென்னிஸ் இதைக் கவனிக்கவில்லை. தன் வரி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தே பழகியவருக்கு, அது சரியாகத்தான் இருந்தது.

மெட்டு எங்கே போகும், பாட்டுத்தானே, திருப்பிச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று எழுந்தார். காரில் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் குரல் தானாகக் கீழே இறங்கித் தன் இடத்தில் போய் நின்றது. மறுபடி பாடினார். மறுபடியும் அங்கேயே போய் நின்றது. மாலக்கி பாடியது காதுக்குள் கேட்கிற மாதிரிதான் இருந்தது. வாயைத் திறந்தால் இல்லை. கேட்கிற மாதிரி இருந்ததும் ஒன்றல்ல, நூறு விதமாகக் கேட்டது. அதில் எது மெட்டு, எது மாலக்கி அன்றைக்கு மட்டும் போட்ட வளைவு என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டார். ஃபெபிக்கு முதல் வரி மட்டும் தெரிந்திருந்தது. மற்றது வருவதற்குள் தூங்கிவிடுவேனே அப்பா என்றாள். ரவுண்ட் ராக்கில் சாரதா பழைய போன்களையெல்லாம் தேடி, பத்தொன்பது விநாடி வீடியோ ஒன்றைக் கண்டுபிடித்து அனுப்பினார். குழந்தைகள் சத்தத்துக்கு நடுவே முதல் வரியும் இரண்டாவதில் பாதியும் கேட்டன. பிறகு மாலக்கியின் உள்ளங்கை திரையை மறைத்தது. பப்பில் வழக்கமாக வருகிறவர்களைத் தேடிப் போனார் டென்னிஸ். கடைசி வரியை அவர்கள் எல்லாரும் கூடச் சேர்ந்து பாடுவது வழக்கம் என்பதால் அது கிடைத்தது. இரண்டாவதில் மீதியும் நடுவில் இருந்த மூன்று வரிகளும் எங்கேயும் கிடைக்கவில்லை.

கிருபாராணி கோபக்காரி அல்ல. அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“என்னங்க, பதினேழு வருஷம் பக்கத்துல உக்காந்து என்னத்தங்க கேட்டீங்க?”

“என் வரியத்தான்” என்றார் டென்னிஸ்.

ஜனவரியில், சேர்த்தெடுத்த வரிகளை அவர் மனப்பாடம் செய்தார். கீழே இறங்கிவிடாமல் இருக்க கிட்டாரில் ஒவ்வொரு சுரத்தையும் தொட்டுக்கொண்டே பாடினார். நடுவரிகளைக் காலியாக விட்டார். முதல் வரியைக் கொடுத்துவிட்டால், அந்த வழியே மாலக்கி தானே நடந்து மற்றதற்குப் போய்விடலாம். அதுதான் மிஞ்சியிருந்த நம்பிக்கை. அந்தச் சனிக்கிழமை மாலக்கியின் எதிரே உட்கார்ந்து, அவருடைய அம்மாவின் மெட்டை முதல்முறையாக அவரிடமே பாடினார்.

மாலக்கி கேட்டார். முகம் சுருங்கியது. பப்பில் குடித்துவிட்டுத் தப்பாகச் சேர்ந்து பாடுகிறவர்களை நிறுத்துவதற்கு அவர் ஒரு கையைத் தூக்குவார். இப்போது இடது கையை அப்படித் தூக்கினார். டென்னிஸ் நிறுத்தினார். மாலக்கி தலையை ஆட்டிவிட்டு, இப்படி இல்லை, இதோ இப்படி என்பதுபோலத் தொடக்கத்திலிருந்து பாடிக் காட்டினார். டென்னிஸின் வரி. ஒரு சுரம் பிசகவில்லை. முடித்துவிட்டு, கற்றுக்கொடுத்த திருப்தியோடு “ரைட்” என்றார்.

டென்னிஸ் இன்னும் இரண்டு சனிக்கிழமை முயன்றார். இரண்டாவது முறை மாலக்கி கண்கலங்கிப் போர்வையை இழுத்துத் தள்ளினார். தெரபிஸ்ட் பெண் டென்னிஸை வெளியே அழைத்து, இந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் அவர் ஒவ்வொரு சொல்லாக ஏறி வருகிறார், இப்போது அதை அசைத்தால் எல்லாமே கலைந்துவிடும் என்று தன்மையாகச் சொன்னாள். நன்றாகத்தானே பாடுகிறார், எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லையே என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும்? டென்னிஸ் சரி என்றார். அதற்குப் பிறகு அவர் மெட்டைப் பாடவில்லை. மாலக்கியோடு சேர்ந்து, மாலக்கி பாடுவதையே பாடினார்.

மார்ச் பதினேழாம் தேதி மையத்தின் பெரிய ஹாலில் பச்சைக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். டென்னிஸ் வேனிலிருந்து இரண்டு நாற்காலிகளையும் இறக்கினார். மாலக்கி சக்கர நாற்காலியை விட்டு இறங்க முடியாது. ஆனாலும் தன் பழைய நாற்காலியைக் காட்டி, பக்கத்தில் போடச் சொன்னார். அதன் மேல் அவருடைய கிட்டாரை வைத்தார்கள். இடது பக்கம் டென்னிஸ் உட்கார்ந்தார். முப்பது பேர் இருந்தார்கள், பாதிப் பேர் சக்கர நாற்காலியில். யாராவது அறிமுகம் செய்ய வேண்டும் என்று எல்லாரும் டென்னிஸைப் பார்த்தார்கள். இது என் நண்பர் மாலக்கி டியர்னி, பாடப்போகிறார் என்று மட்டும் சொன்னார். பின்வரிசையில் கிருபாராணி கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள்.

மாலக்கி பாடினார். படகுக்காரனைக் கூப்பிட்டார். ரொட்டி அடுப்பில் ஏறியது. மூன்று அடிகளும், எல்லாச் சொற்களும், ஒன்றும் விடாமல் வந்தன. அந்த மனிதர்களுக்கு அது அழகான, கொஞ்சம் விசித்திரமான பாட்டாக இருந்திருக்கும். ஏறவேண்டிய இடத்தில் ஏறாமல், முடியவேண்டிய இடத்துக்கு ஒரு படி கீழேயே நின்றுவிடுகிற பாட்டு.

முதல் அடி முழுக்க டென்னிஸ் அவரோடு சேர்ந்தே பாடினார். இரண்டாவது அடி தொடங்கும்போது, முன்கூட்டி நினைக்காமல், மேலே போனார். மாலக்கி கையைத் தூக்கவில்லை. கீழே அவர் உறுதியாக நின்றார். முதல் வரி சரியாக உட்கார்ந்தது. இரண்டாவதில் பாதி. பிறகு டென்னிஸிடம் இருந்தது தீர்ந்துபோயிற்று. அந்த இடத்தில் எதையாவது இட்டு நிரப்பியிருக்கலாம், கேட்பவர்களுக்குத் தெரியாது. இல்லாததைச் சேர்க்க அவருக்கு மனம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு, தாளத்தை எண்ணிக்கொண்டு இருந்தார்.

மாலக்கி தனியே பாடிக்கொண்டு போனார். நடுவே ஒருமுறை தலையை லேசாகச் சாய்த்து, டென்னிஸ் பக்கம் பார்த்தார். மேலே யாரோ வரவேண்டியவர் வரவில்லை என்பதுபோன்ற ஒரு பார்வை. ஒரு மூச்சுக்கும் குறைவான நேரம்தான் இருக்கும். பிறகு நோட்டில் இருந்தபடியே தொடர்ந்தார். கடைசி வரிக்கு டென்னிஸ் வந்து சேர்ந்துகொண்டார். கைதட்டினார்கள். மாலக்கி இடது கையால் தொடையில் தட்டிச் சிரித்தார். டென்னிஸும் தலையைக் குனிந்துகொண்டார்.

மாலக்கி இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஐம்பது அறுபது சொற்கள் வந்துவிட்டன. சனிக்கிழமை டென்னிஸ் போனால் முதலில் ரொட்டிப் பாட்டைத்தான் கேட்கிறார், சந்தோஷமாகப் பாடுகிறார். கிறிஸ்துமஸ் வாரத்தில் எடுத்த அந்த வீடியோவை டென்னிஸ் போனிலிருந்து அழித்துவிட்டார்.

நான்காவது நோட்டின் கடைசிப் பக்கத்தில், தன் வரிக்கு மேலே, கிடைத்த மெட்டைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். முதல் வரி, இரண்டாவதில் பாதி, கடைசி வரி. சோல்ஃபாவில் மௌனத்துக்கென்று தனிக் குறி கிடையாது. தாளத்துக்கு உரிய புள்ளிகளை மட்டும் வைத்துவிட்டு, நடுவே இடத்தைச் சும்மா விடுவார்கள். அந்தப் புள்ளிகளை அவர் அளவாக, வரிசை பிசகாமல் வைத்திருக்கிறார்.